நிலபாவாடை

பழுகாமத்து மாளிகையில்
விடியுமுன் எழுகிறவர் இருவர்.
யானைக்குக் குழை வெட்டப் போகிறவன் ஒருவன்.
மற்றவன் நான், கட்டாடி வயிரன்.
பின்வாசலில் மூட்டை கிடக்கும்.
அவிழ்க்காமலே மணத்தில் தெரியும்:
அரசர் இரவும் நனைத்திருக்கிறார்.

அரசருக்கு ஏழு வயது.
முன்பல் இரண்டு விழுந்து ஒன்று முளைக்கிறது.
மாமன் செத்த மாசியில்
முடி பெரிதென்று உள்ளே பஞ்சு திணித்தார்கள்.
அந்தப் பஞ்சும் என்னிடம்தான் வந்தது,
வேர்வையும் வேப்பெண்ணெயுமாய்.

இந்த மண்ணில் முடி
வயிற்றுவாரில் இறங்கும்.
விதைத்தவன் பேர் கணக்கில் இல்லை,
சுமந்தவள் குடிதான் கணக்கு.
ஆதலால்
செத்தவர் மகன் நீலப்போடிக்கு
எருமைப்பட்டி உண்டு, நூறு வில்லாள் உண்டு,
அப்பனின் மூக்கும் அப்பனின் இருமலும் உண்டு.
குடி மட்டும் வேறு.
தங்கை மகன் மாலையனுக்கோ
குடி மட்டும் உண்டு.

கோயிலில் குடி கூப்பிட்டபோது
முதல் தட்டுக்கு இரண்டு கைகள் நீண்டன.
வெற்றிலை மணலில் சிதறிற்று.
அன்று வந்த சால்வைகளைப் பச்சைத் தண்ணீரில் போட்டேன்.
சுடுதண்ணீர் பட்டால்
இரத்தம் நூலோடு உறவாகிவிடும்.
எந்தக் குடி இரத்தம் என்று
உவர்மண் கேட்பதில்லை.

வெயில் ஏறிய ஒரு பகல்
நீலப்போடியே துறைக்கு வந்தார்.
குதிரையை விட்டு இறங்கவில்லை.
"சபையில் ஒரு சொல் சொல்லு, வயிரா.
பாயை நனைக்கிறவன் நாட்டை ஆளுறதோ
என்று நான் கேட்பேன். நீ சாட்சி.
குளத்துக்குக் கீழே இரண்டு அவணக் காணி உனக்கு."

அடித்த கையை நான் நிறுத்தவில்லை.
"உங்கட தகப்பனார்
கடைசி மூன்று மாதமும் நனைத்தவர், போடியார்.
அப்பவும் அவர் கனைத்தால் ஊர் எழும்பி நின்றது.
விரிப்பை வைத்து அளந்தால்
நான் கண்ட ஒருவரும் தேறமாட்டார்."

குதிரை என் வெள்ளாவிப் பானையை
உதைத்துவிட்டுப் போயிற்று.
சாம்பல் தண்ணீர் வெகுதூரம் ஓடியது.

ஒருமுறை அரசரே வந்தார்,
மூட்டைக்குப் பின்னால் பதுங்கி.
"இதை அம்மாவிட்டச் சொல்லப்படாது.
கட்டளை."
பல் இல்லாத இடத்தால்
பாதிக் கட்டளை காற்றாய்ப் போயிற்று.
அவர் ஆண்ட பதினொரு மாதத்தில்
தானாய் இட்ட கட்டளை
எனக்குத் தெரிய அது ஒன்றுதான்.

கார்த்திகை இருட்டு.
நாய்கள் குரைக்கவில்லை, யாரோ இறைச்சி எறிந்திருக்க வேண்டும்.
வாவிப் பக்கம் துடுப்பொன்று
தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போனது.
விடியப் போய் மூட்டையை அவிழ்த்தேன்.

விரிப்பு காய்ந்திருந்தது.
முதல்நாள் நான் மடித்த மடிப்பிலேயே.

தோணி மண்டூர்ப் பக்கம் போனதென்றார்கள்.
கண்ணாக் காட்டுக்குள்
வேரில் சிக்கிய பஞ்சைக் கண்டதாக
இறால்வலைக்காரன் ஒருவன் சொன்னான்.
பிறகு அவனும் சொல்வதை விட்டுவிட்டான்.

தையில் நீலப்போடிக்குப் பட்டம்.
யார் அரசரானாலும்
நிலபாவாடை விரிப்பது என் உரிமை.
மாலையனின் விரிப்பை விரித்தேன்.
எத்தனை ஆவிக்கும் போகாத பழுப்பு வட்டம் ஒன்று அதில்,
கோடையில் வற்றிய குளம்போல.
அதன் நடுவில் கால் வைத்து நடந்தார்.
நடக்கையில் இருமினார்.

தாய் நாகம்மை அழுததை யாரும் காணவில்லை.
வெள்ளிக்கு வெள்ளி அவள் அறையிலிருந்து
சின்ன வேட்டிகள் வருகின்றன,
அழுக்கே இல்லாமல்.
நானும் வெளுத்துக் கொடுக்கிறேன்.

இந்த வெள்ளி வந்த வேட்டி
கொடியில் தாழ்ந்து தொங்கிற்று.
இறக்கி அளந்தேன்:
போன ஆண்டை விட நாலு விரல் நீளம்.
யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.
சுற்றிப் பார்த்துவிட்டு
பெரியவர்களின் துணிக்கு நடுவே
அதை மறைத்துக் காயவிட்டேன்.